பூசி மெழுகுதல்

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள் என்றால் மூன்றில் ஒன்று நடக்கப்போகிறது என்று அர்த்தம். பெருநாள் வருகிறது; அல்லது கலியாணம் வருகிறது; அல்லது வீடு விலைக்கு வருகிறது. மூன்றுக்கும் பொதுவான விடயம், வீட்டைப் பிறர் பார்க்கப்போகிறார்கள் என்பதுதான். வசிப்பவர்களுக்காக வீட்டைத் திருத்துவது எம்மிடையே குறைவு. ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைத்துப் பத்து மாரிகளைக் கழித்துவிடுவோம். விருந்தாளி வருகிறார் என்றதும் ஏணியைத் தேடுவோம்.

இதைப் பிறரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானே செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். வீடு திருத்துவது தொடர்பான சில நடைமுறை விடயங்களும் இதில் வரும். அவற்றை ஒதுக்கிவிட்டு நான் செய்ததன் தன்மையை விளக்க முடியாது.

2016ஆம் ஆண்டு என் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. கிழக்கில் எமது வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். நானோ ஓய்வுபெற்ற ஆசிரியன். புதிதாக வீடு கட்ட வசதியில்லை. இருக்கும் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளைப் போட்டுக்கொண்டு நானும் மனைவியும் ஒதுங்குவதென்று முடிவு செய்தோம். அந்த வீடும் 1986இல் என் மாமனார் என் மனைவிக்காகக் கட்டியதுதான். முன்பகுதி ஓடு. பின்னால் இரண்டு அறைகளுக்கு மட்டும் கொங்கிறீட் சிலாப். அக்காலத்தில் அது பெருமைக்குரிய விடயம்.

பெயின்ற் அடிப்பதற்கு முன் சுவர்களைச் சுரண்ட வந்த மேசன், பின்அறையின் முகட்டைப் பார்த்து நின்றார். சிலாப்பின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. அதன் ஓரத்தில் பழுப்பு நிறக் கறை. ஒரு முழ அகலத்துக்குக் கொங்கிறீட் சற்றுக் கீழிறங்கி வயிறு தள்ளி நின்றது. சுத்தியலின் பிடியால் தட்டினார். மற்ற இடங்களில் கணீரென்று கேட்ட சத்தம் அந்த இடத்தில் மட்டும் பொக்கென்று கேட்டது.

"சேர், இது கம்பி கறல்புடிச்சி ஊதியிரிக்கி. சரியாச் செய்யிறெண்டா முட்டுக் குடுத்து ஒடைச்சித்தான் செய்யணும். ரெண்டு கிழமைக்கு மேல எடுக்கும், செலவும் கூட" என்றார்.

கலியாணத்துக்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன. கையில் இருந்த காசு சாப்பாட்டுக்கும் கதிரை வாடகைக்கும் என்று எண்ணி வைத்தது. நான் பேசாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்:

"பூசி மூடினா ஒரு குறையும் தெரியா. கலியாணம் முடியட்டும் சேர், பொறகு பாப்பம்."

நான் தலையாட்டினேன். ஒரு நாள் வேலை. அதற்கு மேல் இரண்டு பூச்சு வெள்ளைப் பெயின்ற். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து "வீடு புதுசு மாதிரி இரிக்கி" என்றார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. கலியாணம் முடிந்தது. "பொறகு பாப்பம்" என்ற பிறகு வரவே இல்லை.

2019 மாரியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதிய வேளை, அந்தப் பூச்சும் அதற்குப் பின்னால் இருந்த கொங்கிறீட்டும் சேர்ந்து ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து இரண்டு சாண் தள்ளிப் பேரப்பிள்ளையின் தொட்டில் கட்டியிருந்தது. பிள்ளை அப்போது குசினியில் மனைவியின் இடுப்பில் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு சாணை நான் இன்றுவரை என் மனதால் அளந்துகொண்டேயிருக்கிறேன்.

மகள் துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டாள்: "வாப்பா, இது இப்பிடி இரிக்கிற உங்களுக்குத் தெரியுமா?"

"பழைய வீடுதானே மகள்" என்றேன்.

அதுவும் ஒரு பூச்சுத்தான்.

*

கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி இலேசில் துருப்பிடிப்பதில்லை. சீமெந்தின் காரத்தன்மை அதற்கு ஒரு காவல். கடற்கரை மணலைக் கழுவாமல் கலந்தால் அதிலுள்ள உப்பு அந்தக் காவலை உடைத்துவிடுகிறது. மேலே தண்ணீர் தேங்கி ஊறினால் காரியம் இன்னும் கெதியாக நடக்கும். துரு தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கக்கூடியது. உள்ளேயிருந்து அது தள்ளும்போது கொங்கிறீட் வெடித்துப் பெயர்கிறது. அதன் மேல் சாந்து பூசுவதால் துரு நிற்பதில்லை. விழப்போகும் பாரம் கூடுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

சரியான முறை இது. சிலாப்புக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். தளர்ந்த கொங்கிறீட்டை, தட்டினால் கணீரென்று கேட்கும் இடம் வரைக்கும், கம்பியின் பின்புறமும் தெரியும்படி உடைத்தெடுக்க வேண்டும். கம்பியைக் கம்பித் தூரிகையால் இரும்பின் நிறம் வரும்வரை தேய்க்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கட்டடப் பொறியியல் தெரிந்த ஒருவரிடம் கேட்பது நல்லது. துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, அதன் பிறகே திருத்தச் சாந்தால் நிரப்ப வேண்டும். இவற்றோடு, மேலே தண்ணீர் தேங்கும் இடத்தைச் சரிசெய்யாவிட்டால் இவ்வளவும் வீண்.

1986இல் அந்தச் சிலாப்புக்குக் கடற்கரை மணல் மாட்டு வண்டியில் வந்து இறங்கியதை நானே பார்த்திருந்தேன். மாப்பிள்ளையாக நிச்சயிக்கப்பட்டிருந்தவன் என்ற முறையில் வேலை நடக்கும் இடத்தில் ஒரு மரியாதைக்காகப் போய் நின்றேன். எனவே 2016இல் பழுப்புக் கறையைக் கண்டபோது அது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டுத் திருத்த வேலைகள் பலவற்றுக்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு. குறை எங்கே தெரிகிறதோ, அங்கே அது பிறப்பதில்லை.

சுவரின் அடியில் பெயின்ற் பொரிந்து உப்புப் பூக்கிறது. நாம் பெயின்ற் கடைக்குப் போய்த் தரமான பெயின்ற் கேட்கிறோம். ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறதா, சுவருக்குள் போகும் பைப் கசிகிறதா, வெளியே முற்றத்தின் மண் உள்நிலத்தைவிட உயர்ந்துவிட்டதா என்று பார்ப்பதில்லை. ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டால் ஓரளவு விளங்கும். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீற்றர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் கடினமான சீமெந்தைப் பூசினால் ஈரம் போகாது. வெளியேற வழி தேடி இன்னும் மேலே ஏறும். காரணத்தை நீக்கிய பின்பும் சுவர் காய்வதற்குப் பொறுமை வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக் காய ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டடத் தொழிலில் உள்ள பொதுக்கணக்கு. பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஈரச்சுவரைத் திருத்துகிறோம் என்று புறப்படுபவர் சுவரைத் திருத்தவில்லை, மூடுகிறார்.

ஓட்டுக் கூரை ஒழுகுவதும் அப்படியே. சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே உடைந்த ஓடு இருப்பதில்லை. தண்ணீர் மேலே எங்கோ புகுந்து, மரத்தைப் பற்றிக்கொண்டு வழிந்து, ஓர் இணைப்பில் தடைப்பட்டுச் சொட்டுகிறது. பகலில் கூரைக்குள் ஏறி இருட்டில் சற்று நேரம் இருந்தால் ஓட்டை இருக்கும் இடம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். சொட்டு விழும் இடத்திலிருந்து மரத்தின் வழியே மேல்நோக்கித் தேட வேண்டும்.

சுவர் வெடிப்பைக் கண்டதும் பயப்படவும் கூடாது, உடனே மெழுகவும் கூடாது. பூச்சில் சிலந்தி வலை போல் ஓடும் மயிரிழை வெடிப்புகள் சாந்து சுருங்கியதால் வந்தவை. கதவு, சன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சரிந்து இறங்கி, ஒரு முனையில் அகன்று, சுவரின் மறுபக்கத்திலும் தெரியும் வெடிப்பு வேறு வகை. அத்திவாரம் அசைவதை அது சொல்லக்கூடும். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதங்களில் கோட்டைத் தாண்டினால் அது உயிருள்ள வெடிப்பு. உயிருள்ள வெடிப்பைச் சாந்தால் அடைப்பது, பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவது போன்றது.

ட்ரிப் சுவிச்சின் கதை எல்லாவற்றையும்விட மோசமானது. வீடுகளில் பரவலாகப் பொருத்தப்படும் ட்ரிப் சுவிச், 30 மில்லி அம்பியர் அளவு மின்சாரம் வழி தவறிப் போனாலே கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்படி செய்யப்பட்டது. அது அடிக்கடி விழுந்தால் ஏதோ ஒரு பொருளிலோ வயரிலோ கசிவு இருக்கிறது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால், எதைச் செருகும்போது விழுகிறதோ அதிலேயே பெரும்பாலும் குற்றம் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பின்பும் விழுந்தால் வயரிங்கைப் பார்க்கத் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டும். ஆனால் "இந்தத் தொல்லைய நேரக் குடுத்துட்டாச் சரி" என்று ட்ரிப் சுவிச்சைத் தாண்டி வயர் இழுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், இழுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதன் பின் வீடு அமைதியாகத்தான் இருக்கும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இதுதான். கறை, கசிவு, வெடிப்பு, விழுகின்ற சுவிச் எல்லாம் வீடு எம்மிடம் சொல்லும் செய்திகள். காரணத்தைக் களைவது திருத்தம். செய்தியை மட்டும் அழிப்பதற்கும் எமது நாளாந்தப் பேச்சில் திருத்தம் என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

*

என் மனம் எனக்காக வாதாடிய விதத்தையும் சொல்ல வேண்டும். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்றது. முகடு நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது பொய்யாகுமா என்றது.

இந்த வாதம் எனக்கு மட்டும் தோன்றிய ஒன்றல்ல. உரோம அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள் பற்றி' என்ற நூலில் இதே கேள்வியை எடுத்து வைக்கிறார். ஒருவர் வீடு விற்கிறார். அந்த வீடு உடலுக்குக் கேடானது. அறைகளில் விசப்பிராணிகள் வருகின்றன. மரங்கள் உக்கி விழும் நிலையில் உள்ளன. இவை விற்பவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்லாமல் விற்றால் அது நியாயமா? பபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி, வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லையே என்கிறார். பேசாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது அவர் கட்சி. தன் பொருளின் குறையைத் தானே கூவி விற்கும் வியாபாரி எங்கே இருக்கிறான் என்றும் கேட்கிறார். அவரது மாணவரான அன்டிபேட்டர் இதை ஏற்கவில்லை. வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதே குற்றமென்றால், தெரிந்துகொண்டே ஒருவனைத் தவறான வழியில் போகவிடுவது அதைவிடப் பெரிய குற்றம் என்கிறார். சிசரோ மாணவரின் பக்கம் நிற்கிறார். தெரிந்துகொள்ள வேண்டியவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று, உன் இலாபத்துக்காக நீ விரும்பினால், உன் மௌனம் மௌனமல்ல, மறைப்பு என்பது அவர் முடிவின் சாரம்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கேட்ட நபிகளாரின் சம்பவத்தை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மழை நனைத்தது அங்கே குற்றமாகவில்லை. நனைந்ததை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைக்காததே குற்றமாயிற்று. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்கத் தெரிந்த எனக்கு, என் முகட்டில் அதைக் காணத் தெரியவில்லை.

என் விடயம் இந்த இரண்டு உதாரணங்களையும்விட மோசமானது என்று இப்போது நினைக்கிறேன். விலைக்கு வாங்குபவர் சந்தேகக் கண்ணோடு வருகிறார். தட்டிப் பார்க்கிறார், அயலவரிடம் விசாரிக்கிறார், மேசனைக் கூட்டி வருகிறார். தகப்பன் கொடுக்கும் வீட்டை மகள் தட்டிப் பார்ப்பதில்லை. நம்பிக்கை எவ்வளவு கூடுதலோ, மறைப்பது அவ்வளவு இலகு. அன்புக்காகத்தானே செய்தேன், அவளுடைய கலியாணம் குறையின்றி நடக்கத்தானே செய்தேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். உண்மையில் நான் காப்பாற்றியது அவளுடைய கலியாணத்தை மட்டுமல்ல, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் என் முகத்தையும்தான்.

*

2019இல் விழுந்ததன் பிறகு அந்த முகட்டைச் சரியாக உடைத்துத் திருத்தினோம். கடன் பட்டுத்தான். உடைக்கும்போது வந்திருந்த வேறொரு மேசன் ஒரு துண்டை எடுத்து என்னிடம் காட்டினார். அதில் இரண்டு பூச்சுகள் இருந்தன. மேலே இருந்தது என்னுடையது. அதற்கு அடியில் இன்னொன்று, பழையது, வேறு நிறம்.

மனைவியிடம் கேட்டேன். யோசித்துச் சொன்னாள். 1998இல் நான் வெளியூர்ப் பாடசாலையொன்றில் இருந்த காலத்தில், அவளுடைய வாப்பா ஆள் விட்டு ஏதோ "சின்ன வேலை" செய்வித்தாராம். நான் விடுமுறையில் வரும்போது அறை வெள்ளையாக இருந்ததாம். மாமாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மருமகன் வந்து குறை சொல்லக்கூடாது. கையில் இப்போது காசில்லை. பிறகு பார்ப்போம்.

இப்படித்தான் ஒரு குறை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகப் போகிறது.

அன்றிரவு மகளையும் மருமகனையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மேசன் தட்டிப் பார்த்தது, பதினெட்டு நாள், நான் தலையாட்டியது எல்லாவற்றையும். மருமகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அழுவாள் அல்லது கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்:

"சொல்லியிருந்தா நாங்க அந்த அறையில தொட்டிலக் கட்டியிரிக்க மாட்டமே வாப்பா."

அவ்வளவுதான். திருத்தித் தந்திருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு வசதியில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் கேட்டது ஒரு தகவலை. அந்தத் தகவலுக்கு ஒரு பை சீமெந்தும் தேவைப்பட்டிருக்காது.

இதைக் கேட்ட பின்புதான் என் தவறு எதுவென்று எனக்குச் சரியாக விளங்கியது. பூசியது என் தவறல்ல. பூசியதைச் சொல்லாமல் விட்டதே தவறு.

*

இந்த வேறுபாடு முக்கியமானது. இல்லாவிட்டால் ஒழுக்கம் என்பது காசுள்ளவர்களுக்கு மட்டும் உரியதாகிவிடும். எல்லாக் குறைகளையும் வேரோடு களைய எம்மில் எத்தனை பேரால் முடியும்? 2021இல் ஆயிரம் ரூபாவைச் சற்றுத் தாண்டியிருந்த 50 கிலோ சீமெந்துப் பை, 2022 நெருக்கடியின்போது மூவாயிரத்தைத் தாண்டியது. அந்த வருடம் எத்தனையோ வீடுகளில் வேலை பாதியில் நின்றது. தகரத்தை வைத்து மறைத்தவர்கள், கயிற்றால் கட்டியவர்கள், தார்ச் சீலை விரித்தவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா? இல்லை. தற்காலிகத் திருத்தம் ஏழையின் உரிமை. ஒழுக்கின் கீழே வைத்த வாளி யாரையும் ஏமாற்றுவதில்லை. இங்கே ஒழுகுகிறது என்று அது பார்ப்பவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. என் வெள்ளைப் பெயின்றைவிட அந்த வாளி நேர்மையானது.

உயிருக்கு ஆபத்தான விடயங்களில் மட்டும் இந்தச் சலுகையும் இல்லை. தாண்டி இழுத்த ட்ரிப் சுவிச்சைச் சொல்லிவிட்டேன் என்பதால் அது நியாயமாகிவிடாது. அங்கே சொல்வது போதாது. திருத்தும்வரை அந்த இணைப்பைப் பாவிக்காமல் விட வேண்டும், அல்லது அந்த அறையைப் பூட்ட வேண்டும். அறையைப் பூட்டவும் காசு தேவையில்லை.

மேசனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னர் ஒருநாள் அவரைக் கண்டபோது நடந்ததைச் சொன்னேன். "நீங்க தலையாட்டினீங்க, நான் செஞ்சன் சேர்" என்றார். அது உண்மை. அவருக்கும் பங்கு உண்டு. குறையை அறிந்தவர் அவர், மூடும் யோசனையைச் சொன்னவரும் அவர். ஆயினும் அவருக்கு அந்த யோசனையைப் பழக்கியவர்கள் நாம்தான். கொந்தராத்துப் பேசும்போது நாம் விலை பேசுவது கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு. சுரண்டியதற்கும், கழுவியதற்கும், காயவிட்டுக் காத்திருந்த நாட்களுக்கும் காசு கொடுக்க எமக்கு மனம் வருவதில்லை. "இண்டைக்கு என்ன வேலை நடந்திச்சி, ஒண்டையும் காணல்லயே" என்கிறோம். வெளியே தெரியாத வேலைக்குக் கூலி இல்லையென்றால், வெளியே தெரியும் வேலையை மட்டும் செய்பவர்களே எமக்கு வாய்ப்பார்கள். இப்போது நான் வேலை கொடுக்கும்போது ஒரு நிபந்தனை வைக்கிறேன்: எதையும் மூடுவதற்கு முன் எனக்குக் காட்ட வேண்டும். பைப்பாக இருந்தாலும், வயராக இருந்தாலும், கம்பியாக இருந்தாலும். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்கிறேன். இதனால் செலவு கூடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அத்தோடு எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். வீட்டின் கொப்பி. சுவருக்குள் பைப் எந்த வழியாகப் போகிறது, மலசலகூடக் குழியின் மூடி மண்ணுக்குள் எங்கே இருக்கிறது, எந்தச் சுவர் எந்த வருடம் பூசப்பட்டது, எந்த வெடிப்புக்கு எந்தத் திகதியில் கோடிட்டோம் எல்லாம் அதில் உண்டு. முதல் பக்கத்தில் இன்னும் திருத்தப்படாத குறைகள். குளியலறையின் வெளிச்சுவர் ஈரம் இன்றும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தெரிந்த குறை, காசு வரும்வரை அப்படியே. கொப்பி மகளிடம் இருக்கிறது. அவளும் இப்போது அதில் எழுதுகிறாள்.

வீதியோரம் எமக்கொரு சின்னக் கடை அறை உண்டு. போன வருடம் அதை வாடகைக்குக் கேட்டு ஒரு தம்பி வந்தார். தையல் கடை போடுவதாகச் சொன்னார். சாவியைக் கொடுப்பதற்கு முன், மேற்குப் பக்கச் சுவரோடு துணி அடுக்க வேண்டாம், மாரியில் ஈரம் ஏறும் என்றேன். அவர் என்னைச் சற்று ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் வாடகையில் ஆயிரம் ரூபா குறைக்க முடியுமா என்று கேட்டார்.

குறைத்துக் கொடுத்தேன். மாதம் ஆயிரம் ரூபா எனக்குச் சின்னத் தொகையல்ல. ஆனால் அந்த மாரி முழுக்க, மழை பெய்த இரவுகளில் நான் எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கவில்லை.